ஒரு வரியில் இரண்டு லோரிமர்

பசிபிக் கடலில் இருக்கும் நார்ஃபோக் தீவின் கடைத்தெருவில் நின்று "ஆடம்ஸ்" என்று கூப்பிட்டால் பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். மீதிப் பேர் தங்கள் மச்சானையோ சம்பந்தியையோ யாரோ தேடுகிறார்கள் என்று நினைத்து, அவர் இருக்கும் இடத்தைக் கை காட்டுவார்கள். அதனால் அங்கே யாரும் யாரையும் குடும்பப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. தொலைபேசிப் புத்தகத்தில்கூடப் பட்டப்பெயர்தான் அச்சாகும். ஐம்பத்தெட்டு வயதான லோரிமர் ஆடம்ஸை அந்தப் புத்தகத்தில் தேட வேண்டுமென்றால் 'நங்கூரம்' என்று தேட வேண்டும்.

அந்தப் பெயர் வந்த கதை எளிமையானது. தீவில் கப்பல் அணையும்படி துறைமுகம் இல்லை. கப்பல் தூரத்தில் நிற்கும். விசைப்படகு ஒன்று மரப்படகுகளை இழுத்துக்கொண்டு போய்ச் சரக்கை இறக்கி வரும். லோரிமர் வாலிபனாக அந்தப் படகில் முதல் நாள் வேலைக்கு ஏறியபோது, நங்கூரத்தைப் போடு என்றார்கள். நங்கூரக் கயிற்றின் ஒரு முனையை நங்கூரத்தில் கட்ட வேண்டும், மறுமுனையைப் படகில் கட்ட வேண்டும். இதில் முதல் பாதியை அவர் குறையில்லாமல் செய்திருந்தார். நங்கூரம் போயிற்று. அதன் பின்னால் கயிறு ஒவ்வொரு சுருளாக அழகாகப் பிரிந்து போயிற்று. கடைசி முனையும் போன பிறகு அவர் வெறும் கையோடு கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். கப்பல் நாள் என்பதால் தீவில் பாதி துறைமேடையில் இருந்தது. பெயர் அன்று சாயங்காலமே ஒட்டிவிட்டது.

பிறகு அவர் தீவிலேயே சிறந்த படகோட்டியாக ஆனார். அதனால் ஒரு பயனும் இல்லை. பட்டப்பெயர் வேலை செய்கிற விதம் அப்படி. அதை நாமே வைத்துக்கொள்ள முடியாது, நல்ல காரியம் செய்தும் வாங்க முடியாது. நாலு பேர் பார்க்க ஒரு தப்புச் செய்ய வேண்டும், அதுவும் அன்றைக்கு எல்லா வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலும் வேறு பேச்சே இல்லாத அளவுக்கு. வந்த பெயர் அப்பாவிடமிருந்து பிள்ளைக்குப் போகும். நங்கூரத்தின் மகள் ரோவீனா பள்ளிக்கூடத்தில் சேர்ந்த நாளிலேயே 'சின்ன நங்கூரம்' ஆகிவிட்டாள். அந்த நங்கூரம் கடலுக்குள் போனபோது அவள் பிறந்திருக்கவே இல்லை.

மகளோடு இது முடிந்திருக்க வேண்டும். பெண்ணுக்குப் பிறக்கும் குழந்தை தன் அப்பாவின் பட்டப்பெயரைத்தான் எடுத்துக்கொள்ளும். ஆனால் ரோவீனா கட்டிக்கொண்டது ஆஸ்திரேலியாவின் நியூகாசிலிலிருந்து வந்த டேமியனை. விமான நிலையத்தில் பாதுகாப்புப் பரிசோதகர். தீவுக்கு வந்து நாலு வருடமாகிறது. இதுவரை அவன் ஒரு கண்ணாடி டம்ளரைக்கூடக் கீழே போட்டதில்லை. ஏணியில் ஏறுவதற்கு முன் ஏணியை ஆட்டிப் பார்ப்பான், இறங்கிய பிறகும் ஆட்டிப் பார்ப்பான். அப்படிப்பட்டவனுக்குப் பட்டப்பெயர் எங்கிருந்து வரும்? அப்பாவுக்குப் பெயர் இல்லையென்றால் குழந்தை அம்மா வழிப் பெயரை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். ரோவீனாவுக்கு இப்போது ஆறாவது மாதம். அவள் மாவு வாங்கக் கடைக்குப் போனால் "குட்டி நங்கூரம் உதைக்குதா?" என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

நங்கூரத்துக்கு அதுதான் பொறுக்கவில்லை. தான் சுமந்தது போதும், மகளும் சுமந்துவிட்டாள். முகம்கூடத் தெரியாத ஒரு குழந்தை, தன் தாத்தா ஒரு முடிச்சுப் போட மறந்ததற்காக ஆயுள் முழுக்கப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டுமா?

இதிலிருந்து தப்பிக்க ஒரு வழி இருந்தது. அதுதான் பலகை.

ஆடம்ஸ் குடும்பக் கூடத்தின் பின்சுவரில், ஆடம்ஸ் என்ற பெயரோடு பிறந்து பேர் எடுத்தவர்களைத் தங்க எழுத்தில் எழுதிய பலகை ஒன்று தொங்குகிறது. திமிங்கில வேட்டைப் படகு நடத்திய ஒருவர், சிட்னிக்குப் போய்ப் பாடிவிட்டு வந்த ஒரு பெண்மணி, போர்க்காலத்தில் மருத்துவமனையைத் தனியாளாக ஓட்டிய ஒரு தாதி என்று வரிசையாக இருப்பார்கள். அதில் ஞானஸ்நானப் பெயர்தான் எழுதப்படும். பலகையில் ஏறியவரை அதன் பிறகு பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டுவிட்டால், கூப்பிட்டவர் ஒரு கேக் சுட்டு அவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். தொலைபேசிப் புத்தகத்திலும் பெயர் மாறும். முக்கியமாக, பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் ஒட்டியிருந்தது உதிர்ந்துவிடும்.

வருடத்துக்கு ஒரு பெயர். ஜூன் மாதம், முன்னோர்கள் வந்து இறங்கிய நாளைக் கொண்டாடுவதற்கு முந்தின வாரம், ஆடம்ஸ்கள் எல்லாரும் கூடத்தில் விருந்துக்குக் கூடுவார்கள். அப்போது தேர்வு நடக்கும். முன்பெல்லாம் எழுந்து நின்று பெயரை முன்மொழிந்தார்களாம். யாரோ ஒருவர் தன் கொழுந்தனாரை விட்டுவிட்டு வேறு ஒருவரை முன்மொழிந்ததால், மறுநாள் காலையில் அவர் தோட்டத்து வேலி திறந்து கிடக்க, உள்ளே பதினோரு மாடுகள் நின்றனவாம். அதற்குப் பிறகுதான் காதில் சொல்லும் முறை வந்தது. ஒவ்வொருவராகப் போய்த் தலைவியின் காதில் ஒரே ஒரு பெயரைச் சொல்லலாம். யார் சொன்னது என்பதை அவர் யாரிடமும் சொல்லக் கூடாது. எந்தப் பெயர் அதிகத் தடவை காதுக்கு வந்ததோ, அதை அவர் சபையில் வாசிப்பார். கை தூக்கினால் முடிந்தது.

தலைவி வெல்மா அத்தை. பட்டப்பெயர் சைரன். அவர் சாதாரணமாகப் பேசினாலே பக்கத்துப் பண்ணையில் மாடு தலையைத் தூக்கும். ஆனால் இத்தனை வருடத்தில் காதுக்குள் போன ஒரு பெயரும் வாய் வழியாக வெளியே வந்ததில்லை.

தன் பெயரை யாராவது சொல்வார்களா என்று நங்கூரம் விருந்துக்கு ஒரு மாதம் முன்பே ஆழம் பார்த்தார். மனைவி எஸ்மியிடம் ஜாடையாகக் கேட்டார். அவள் தன் பெரியம்மா பெயரைச் சொல்வதாக ஏற்கெனவே வாக்குக் கொடுத்துவிட்டாளாம். படகுக்காரர்களில் மூத்தவன் சேவல். அவனிடம் பேச்சுக் கொடுத்தால் அவன் விருந்துக்கு என்ன சமைக்கிறார்கள் என்று கேட்டான். கடைசியில் நங்கூரம் ஒரு முடிவுக்கு வந்தார். தன் பெயரைத் தானே சொல்லக் கூடாது என்று விதி எதுவும் இல்லை. விதி எழுதினவர்களுக்கு அப்படி ஒரு மனிதன் இருக்கக்கூடும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான்.

விருந்தன்று வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் குனிந்து, சைரன் அத்தையின் காதில் "லோரிமர் ஆடம்ஸ்" என்றார். அத்தையின் கண் விரிந்தது. நங்கூரத்தின் கையைப் பிடித்து ஒரு தடவை அழுத்திவிட்டார். எதற்கு என்று நங்கூரத்துக்குப் புரியவில்லை. வெட்கத்தில் வேகமாக வந்து உட்கார்ந்துவிட்டார்.

மற்றப் பெயர்கள் எல்லாம் ஒவ்வொரு தடவைதான் காதுக்கு வந்திருந்தன. ஒரே ஒரு பெயர் மட்டும் இரண்டு. அத்தை எழுந்து, ஜன்னல் கண்ணாடி அதிர, "லோரிமர் ஆடம்ஸ்" என்றார். தன் பெயர் வாசிக்கப்பட்டால் தலையைக் குனிந்து கொள்வது மரியாதை. நங்கூரம் குனிந்து தன் ஷூவைப் பார்த்தார். சுற்றிலும் கைகள் உயரும் சத்தம் கேட்டது. எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. பலகையின் சரித்திரத்தில் அப்படி நடந்ததே இல்லை என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். தன்னைத் தவிர இன்னொருவர் யாரோ தன்னைச் சொல்லியிருக்கிறார் என்று நினைத்ததும், அது யாராக இருக்கும் என்று குனிந்தபடியே மனதுக்குள் ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்தார்.

மூன்று வரிசை பின்னால் இன்னொரு மனிதரும் குனிந்து தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் மணல். புல்தரையில் பந்து உருட்டும் பவுல்ஸ் ஆட்டத்தில் தீவுக்கு இரண்டு பதக்கம் வாங்கித் தந்தவர். ஆனால் முப்பது வருடத்துக்கு முன் விவசாயக் கண்காட்சியில் பெரிய பூசணிக்காய்ப் போட்டிக்கு அவர் கொண்டுவந்த காயைத் தராசிலிருந்து இறக்கும்போது, அதன் அடியில் வைத்திருந்த அடைப்பு கழன்று, நடுவரின் பாதத்தில் கால்வாசி மூட்டை மணல் கொட்டியது. அவருடைய ஞானஸ்நானப் பெயர் என்ன என்று ஊரில் பாதிப் பேருக்கு மறந்தே போயிற்று. அவரும் நங்கூரமும் பிறந்த வருடம், தீவில் லோரிமர் என்று ஒரு டாக்டர் இருந்தார். அவர் கையில் பிறந்த இந்த இரண்டு ஆடம்ஸ் பிள்ளைகளுக்கும் அந்தப் பெயரையே வைத்தார்கள்.

மறுநாள் காலை பெயின்டர் வரியை எழுதி முடித்திருப்பான் என்று நங்கூரம் கூடத்துக்குப் போனார். மணல் ஏற்கெனவே அங்கே நின்று பலகையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு காலையில நீ வருவேன்னு நினைக்கலடா நங்கூரம்" என்றார் மணல். "பெரிய மனசு உனக்கு."

"உனக்குத்தான்டா பெரிய மனசு. பொறாமைப்படாம வந்து நிக்கிறே பாரு."

"நான் எதுக்குப் பொறாமைப்படணும்?"

"அதைத்தானே நானும் சொல்றேன்."

இருவரும் திருப்தியாகப் பலகையை அண்ணாந்து பார்த்தார்கள். ஏணியிலிருந்து பெயின்டர், ஈரம் காயவில்லை, யாரும் தொடாதீர்கள் என்றான். தன் பெயரைத் தான் ஏன் தொடக் கூடாது என்று இருவரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். பிறகு ஒருவரை ஒருவர் மெதுவாகத் திரும்பிப் பார்த்தார்கள். பெயின்டர் ஏணியை மடக்கினான். தன் வேலை எழுத்துப் போடுவது மட்டும்தான் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

நங்கூரம் வீட்டுக்கு வந்து எஸ்மியைப் பிடித்தார். "நேத்து நீ யாருக்குக் கை தூக்கினே?"

"உனக்குத்தான். வேற யாரு லோரிமர்?"

"மணலும் லோரிமர்தான்."

எஸ்மி உருளைக்கிழங்கு சீவுவதை நிறுத்தினாள். "மணலுக்குப் பேரே மணல்தான்னு நினைச்சேன். உன்னையே அந்தப் பேரு சொல்லி எனக்குப் பழக்கமில்ல. நம்ம கல்யாணத்துல பாதிரியார் லோரிமர்னு சொன்னப்ப, வேற எவனாவது வந்துட்டானான்னு நானே திரும்பிப் பார்த்தேன்."

சாயங்காலத்துக்குள் தீவு இரண்டாகப் பிரிந்துவிட்டது. படகுக்காரர்களும் அவர்கள் வீட்டாரும், நாங்கள் கை தூக்கியது நங்கூரத்துக்கு என்றார்கள். பவுல்ஸ் சங்கத்தார், மணலைத் தவிர யாரை நினைக்க முடியும் என்றார்கள். இரண்டு பேருக்குமாகத் தூக்கினேன் என்று ஒருவரும் சொல்லவில்லை. யாருக்கு என்றே தெரியாமல் தூக்கியவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். தீவில் வண்டி ஓட்டும்போது எதிரே வருகிறவருக்கு ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவது வழக்கம். அந்த வாரம் சிலர் எதிர்க்கட்சி வண்டியைக் கண்டால் விரலைத் தூக்காமல் போனார்கள். அதைவிடக் கடுமையான சண்டையை அந்த ஊருக்குப் போடத் தெரியாது.

ரோவீனா மட்டும் அப்பாவிடம் வந்து, "விட்டுடுங்கப்பா, எனக்கு அந்தப் பேரு பழகிடுச்சு" என்றாள்.

"உனக்குப் பழகிடுச்சும்மா. உள்ள இருக்கறது கேட்டுச்சா?" என்றார் நங்கூரம்.

டேமியன் இந்தச் சண்டையில் எந்தப் பக்கமும் சேரவில்லை. விவரம் போதாமல் கருத்துச் சொல்வது அவன் வழக்கமில்லை.

சனிக்கிழமை சைரன் அத்தை மறுபடியும் கூட்டம் போட்டார். சேவல் முதலில் எழுந்தான். பள்ளிக்கூடப் பேருந்து தீவுக்கு எப்படி வந்தது என்று ஞாபகப்படுத்தினான். ஒரு மரப்படகில் பேருந்து நிற்காது. இரண்டு படகைப் பக்கத்தில் பக்கத்தில் கட்டி, மேலே பலகை அடித்து, அதன்மேல் கப்பலின் பளுதூக்கி பேருந்தை இறக்கியது. அலை ஒரு படகைத் தூக்கும்போது மற்றது தாழும். இரண்டும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும் ஒரு கணத்துக்குக் காத்திருந்து, அந்தக் கணத்தில் இறக்கச் சொல்லிக் கையைக் காட்டியவர் நங்கூரம். அரை மணி நேரம் கையைக் காட்டாமல் நின்றாராம். இன்றைக்கு உங்கள் பிள்ளைகள் அதில்தான் போகின்றன என்று சொல்லி அவன் உட்கார்ந்தான்.

பவுல்ஸ் சங்கச் செயலாளர் எழுந்து, மணல் கடைசிப் பந்தை உருட்டிய இறுதி ஆட்டத்தைப் பற்றிச் சொன்னார். பந்து நேராக ஓடாது, ஒரு பக்கம் எடை கூடுதலாக இருப்பதால் வேகம் குறையக் குறைய வளையும். அந்த வளைவைக் கணக்குப் பண்ணி, எதிராளியின் இரண்டு பந்துக்கு நடுவில் கொண்டுபோய் நிறுத்தினார் மணல்.

"ஒரு பக்கம் எடையைக் கூட்டுறது அவருக்குப் பூசணிக்காயிலயே பழக்கம்" என்றான் சேவல்.

"உங்காளு பேருந்தையாவது கட்டிக் கொண்டுவந்தாரே, ஆச்சரியம்தான்" என்றார் செயலாளர்.

இதன் பிறகு யார் என்ன பேசினார்கள் என்று சொல்வது கடினம், எல்லாரும் பேசினார்கள். கடைசியில் சைரன் அத்தை மேஜையைத் தட்டினார். மேஜைச் சத்தம் யாருக்கும் கேட்காததால் வாயைத் திறந்தார். கூடம் அடங்கியது.

"என் காதுல விழுந்ததை நான் சொல்ல மாட்டேன்னு உங்களுக்குத் தெரியும்" என்றார். "இன்னைக்குப் பாதி மட்டும் சொல்றேன். லோரிமர்ங்கிற பேரு ரெண்டே தடவைதான் என் காதுக்கு வந்துச்சு; விதிப்படி எண்ணறது பேரைத்தான், ஆளை இல்ல. அதைச் சொன்ன ரெண்டு பேரும் யாரு தெரியுமா? இதோ உட்கார்ந்திருக்கானே நங்கூரம், இவன் ஒருத்தன். பின்னாடி மணல், அவன் ஒருத்தன். எந்த மனுஷனாவது தன் பேரைத் தானே போய்ச் சொல்லுவானா?"

கூடம் சிரித்தது. அப்படியொரு மனுஷனை யாராலும் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"இவன் அவனைச் சொல்லியிருக்கான். அவன் இவனைச் சொல்லியிருக்கான். அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல, நம்ம குடும்பத்துல இப்படி ரெண்டு பேரான்னு. நீங்க இங்க உட்கார்ந்து பூசணிக்காயைப் பத்திப் பேசிக்கிட்டு இருக்கீங்க."

எஸ்மி கைக்குட்டையை எடுத்தாள். பவுல்ஸ் சங்கச் செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நங்கூரத்துக்குத் தரை கொஞ்சம் தாழ்ந்தது போல இருந்தது. மணல் என் பெயரையா சொன்னான்? முப்பது வருடமாக அவனைப் பார்க்கும்போதெல்லாம் பூசணிக்காய் என்ன விலை என்று கேட்டவன் நான். அவன் போய் என் பெயரைச் சொல்லியிருக்கிறான், நான் என் பெயரையே சொல்லியிருக்கிறேன். தன்னை அளந்த கோலால் மணலையும் அளந்து பார்க்க வேண்டும் என்று அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றவில்லை.

அவர் எழுந்தார். பலகையில் இருப்பது மணல்தான், தன்னை விட்டுவிடுங்கள் என்றார். சொல்லும்போது ரோவீனாவின் வயிற்றுப் பக்கம் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்.

மணல் அவரைவிட வேகமாக எழுந்தார். முகம் வெளுத்திருந்தது. "கூடவே கூடாது. அது நங்கூரம்தான். நான் அதுக்கு லாயக்கில்ல" என்றார். அப்படி அவர் சொன்ன விதத்தில் ஓர் உண்மை இருந்ததால் பலர் கண்கலங்கினார்கள்.

இல்லை நீ என்று இவரும், நீதான் என்று அவருமாக, சபை நடுவே இரண்டு பெரிய மனிதர்கள் ஒருவரை ஒருவர் பலகையை நோக்கித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். இதற்கு முடிவு வராது என்று பார்த்த அத்தை தீர்ப்புச் சொன்னார். இருவருமே பலகையில் இருக்கட்டும். புதிதாக எழுத ஒன்றும் இல்லை. 'லோரிமர் ஆடம்ஸ்' என்ற ஒரே வரி இருவருக்கும் பொருந்தும், பெயின்டும் மிச்சம். கைதட்டல் அடங்கச் சில நிமிடங்கள் ஆயிற்று. பிறகு எல்லாரும் வாழைக்காயைத் துருவிச் சுட்ட பில்ஹியும் பொரித்த மீனும் சாப்பிடப் போனார்கள்.

நங்கூரத்துக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மணலைத் தேடி வெளியே வந்தார். மணல் வேலியோரம், சாலையில் படுத்திருந்த ஒரு பசுவைப் பார்த்தபடி நின்றிருந்தார். அவரும் தட்டைத் தொட்டிருக்கவில்லை.

"மணல், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றார் நங்கூரம். "நான் உன் பேரைச் சொல்லலடா. என் பேரைத்தான் சொன்னேன்."

மணல் பசுவை விட்டு அவர் பக்கம் திரும்பினார்.

"சத்தியமாவா?"

"சத்தியமா."

"அட நாயே" என்றார் மணல், நிம்மதியாக. "நானும்தான்டா."

இருவருக்கும் முதலில் சிரிப்பு வரவில்லை. வந்த பிறகு நிற்கவில்லை. வேலியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, சத்தம் கூடத்துக்குள் கேட்டுவிடாமல் இருக்க ஒருவர் வாயை ஒருவர் பொத்தினார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்த எஸ்மி, அதோ பார், கட்டிப்பிடித்து அழுகிறார்கள் என்று எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினாள். இது வெளியே தெரிந்தால் என்ன பெயர் வரும் என்று இருவருமே யோசித்துப் பார்த்தார்கள். பிறகு யாரிடமும் சொல்வதில்லை என்று கைகொடுத்துக்கொண்டார்கள்.

இதோடு நங்கூரத்தின் கவலை தீர்ந்திருக்க வேண்டும். பெயர் பலகையில் இருக்கிறது, இனி யாரும் நங்கூரம் என்று சொல்லக் கூடாது. முதல் வாரம் அப்படித்தான் நடந்தது. கோளாறு எங்கே இருந்ததென்றால், மணலை மணல் என்றும் சொல்லக் கூடாது. ஊரில் இப்போது இரண்டு லோரிமர் ஆடம்ஸ், இரண்டு பேரையும் வேறு மாதிரி கூப்பிட வழியில்லை. கப்பல் வந்துவிட்டது, லோரிமரை உடனே காஸ்கேட் துறைக்கு வரச் சொல் என்று சொல்லி அனுப்பினால், வெள்ளைச் சட்டை வெள்ளைப் பேன்ட்டில் பவுல்ஸ் பந்தோடு மணல் வந்து நின்றார். மணலின் முட்டிவலி மாத்திரை நங்கூரத்தின் வீட்டுக்கு வந்தது, எஸ்மி அதை மூன்று நாள் தன் முட்டிக்குச் சாப்பிட்டாள். வாய் தவறி நங்கூரம் என்றவர்களும் மணல் என்றவர்களும் சுட்ட கேக்குகள் எந்த லோரிமருக்கு என்று தெரியாமல் இரண்டு வீட்டுக்கும் மாறி மாறிப் போய் வந்தன. ஒரு தேங்காய் கேக் நாலு நாள் பயணம் செய்தது.

மாதக் கடைசியில் சைரன் அத்தை விதியில் ஒரு சிறிய திருத்தம் செய்தார். 'நங்கூர லோரிமர்', 'மணல் லோரிமர்' என்று அடையாளத்துக்காகச் சொல்லிக்கொள்ளலாம், அது குற்றமாகாது. ஊருக்கு அப்பாடா என்று இருந்தது. ஆனால் நங்கூர லோரிமர் என்பது படகிலிருந்து துறைமேடைக்குக் கத்துவதற்கு நீளமான பெயர். சேவல் முதலில் லோரிமரை விட்டான். இரண்டு நாளில் ஊரே விட்டுவிட்டது.

அந்த வாரம் கடையில் மாவுக்காரி ரோவீனாவின் வயிற்றைப் பார்த்து, குட்டி நங்கூரத்துக்கு இன்னும் எத்தனை வாரம் என்று கேட்டதாக எஸ்மி வந்து சொன்னாள்.

"பலகையிலேயே ஏறியாச்சு. இதுக்கு மேல நீ எங்க ஏறப் போறே?" என்றாள்.

ஜன்னலுக்கு வெளியே டேமியன் குழந்தைத் தொட்டிலைப் பூட்டிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு திருகையும் முடுக்கியதும், விளக்கத் தாளில் அதன்மேல் ஒரு கோடு போட்டான். நங்கூரம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பட்டப்பெயர் எப்படி வேலை செய்கிறது என்று மனதுக்குள் மறுபடி ஒரு தடவை முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தார். குழந்தைக்கு அப்பாவின் பெயர்தான் முதலில். அது இல்லையென்றால்தான் அம்மா வழிக்கு வரும். ஆகவே கோளாறு தன்னிடம் இல்லை. இத்தனை நாளாகத் தவறான இடத்தில் முயற்சி செய்துகொண்டிருந்தோம் என்று அவருக்குப் புரிந்தது.

அவர் வெளியே போய் மருமகனின் தோளில் கை வைத்தார். நாளைக்குக் கப்பல் நாள், படகில் ஓர் ஆள் குறைகிறது, நீ வருகிறாயா என்று கேட்டார். நாலு வருடத்தில் மாமனார் அவனைப் படகுக்குக் கூப்பிட்டதே இல்லை. டேமியனுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. உயிர்காப்பு அங்கி தன்னுடையதையே கொண்டு வரலாமா என்று கேட்டான். இரண்டாகக் கொண்டுவா என்றார் நங்கூரம். பிறகு உள்ளே வந்து மணலுக்கு ஒரு போன் போட்டார்.

மறுநாள் காலை காஸ்கேட் துறைமேடையில் கூட்டம் வழக்கத்தைவிட அதிகம். மணல் ஊரெல்லாம் சொல்லி, நல்ல இடமாகப் பார்த்து நாற்காலிகூடப் போட்டுக் கொடுத்திருந்தார். எதற்கு என்று யாருக்கும் தெரியாது, ஆனால் அவர் பவுல்ஸ் பயிற்சியை விட்டுவிட்டு வந்திருக்கிறார் என்றால் ஏதோ இருக்கிறது என்று எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். டேமியன் இரண்டு அங்கியையும் ஒன்றின்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு, படகின் விளிம்பை ஆட்டிப் பார்த்துவிட்டு, கவனமாக ஏறினான்.

"நான் என்ன செய்யணும் மாமா?" என்றான்.

நங்கூரம் மேடையில் இருந்த ஊரை ஒரு தடவை பார்த்தார். எல்லாரும் இந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எதையும் யோசிக்காதே மாப்பிள்ளை" என்றார் பாசத்தோடு. "உனக்கு என்ன தோணுதோ, சட்டுனு செஞ்சிடு."